பழைய பைக்கின் சல்லடை: எடுப்பதா, வைப்பதா, மாற்றுவதா?

காட்பாடிப் பக்கம் ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில் 2018 மாடல் 150 சிசி பைக் ஒன்றை வாங்கி மூன்றாம் வாரம், சத்துவாச்சாரியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்காமலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: “வண்டி நல்ல வண்டிதான் சார். உள்ள இருக்கிற சல்லடைய எடுத்துட்டு, இந்தக் காத்துக் குழாய அடச்சி வுட்டுட்டா பிக்கப்பு பிச்சிக்கும். கூலி கூட வாணாம், அந்தச் சல்லடைய மட்டும் எனக்கு வுட்டுடுங்க.” கூலி வேண்டாம் என்று ஒரு மெக்கானிக் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்ததற்கு அதுவே காரணம்.

சல்லடை என்பது சைலன்சர் புகையைச் சுத்தம் செய்யும் பாகம். அதை எடுக்கச் சொன்னது ஊரில் இல்லாத புதுமை அல்ல. தண்ணீர் இல்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை என்று வேலூரைப் பற்றிச் சொல்லும் பழைய கேலியோடு சல்லடை இல்லாத சைலன்சரையும் இன்று சேர்த்துக்கொள்ளலாம். அந்த அளவுக்குப் பழைய வண்டிகளில் இந்த வேலை நடக்கிறது. என் வண்டியில் மூன்று குறைகள் இருந்தன. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சருக்குள் பட்பட்டென்று வெடித்தது. சித்திரை வெயிலில் சிக்னலில் நின்றால் வலது கால் வெந்துவிடும்போல் இருந்தது. பாகாயத்திலிருந்து ராணிப்பேட்டைக்கு நாள்தோறும் போய்வருகிற எனக்கு லிட்டருக்கு 41 கிலோமீட்டருக்கு மேல் கிடைக்கவில்லை. மூன்றுக்கும் குற்றவாளி சல்லடையே என்பது மெக்கானிக்கின் வாதம்.

என் முன்னால் இருந்த வழிகள் ஐந்து. புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்; சைலன்சரை மட்டும் வெளிச்சந்தைச் சைலன்சராக மாற்றிக்கொள்ளலாம்; இருப்பதை இருந்தபடி வைத்துக் கோளாறின் வேரைத் தேடலாம்; சல்லடை உண்மையிலேயே செத்திருந்தால் கம்பெனிப் பாகம் வாங்கிப் போடலாம்; அல்லது வண்டியையே தள்ளிவிடலாம். இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கையில் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். எல்லா வழிகளுக்கும் ஒரே அளவு இடம் தரப்போவதில்லை, ஏனென்றால் அவை ஒரே அளவு சிந்தனைக்கு உரியவை அல்ல.

எடுக்கச் சொல்லும் பாகங்கள் எவை

முதலில் வண்டி எந்த விதிக்காலத்தைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். இரு சக்கர வண்டிகளுக்குப் புகை அளவை வரையறுக்கும் பாரத் ஸ்டேஜ் விதிகளில் மூன்றாம் நிலை 2010 ஏப்ரலிலும், நான்கு 2017 ஏப்ரலிலும், ஆறு 2020 ஏப்ரலிலும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாம் நிலையைத் தாண்டி நேராக ஆறுக்குப் போய்விட்டார்கள். ஆர்சி அட்டையிலேயே இது குறிப்பிடப்பட்டிருக்கும். நான்காம் நிலை வண்டிகளில் பெரும்பாலானவை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரோடு வந்தவை. ஆறாம் நிலையில் பெரும்பாலானவை பெட்ரோலை ஊசிபோலத் தெளிக்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. இந்த ஒரு வேறுபாடு, கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு வழியின் பலனையும் தலைகீழாக்கக்கூடியது.

சல்லடை என்று பட்டறையில் சொல்லப்படுவது கேட்டலிடிக் கன்வெர்ட்டர். தேன்கூடு போன்ற நுண்ணிய அறைகள் கொண்ட ஓர் உருளை. அதன் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்களில் சில மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். கூலி வேண்டாம் என்றவர் எதைக் கேட்டார் என்பது இப்போது விளங்கும். சில வண்டிகளில் இது இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைகுழாயான பெண்ட் பைப்பிலும், சிலவற்றில் சைலன்சரின் முன்பகுதியிலும் இருக்கும். ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகே இது முழுமையாக வேலை செய்யத் தொடங்கும். அதன் பிறகு எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவியையும் கார்பன் மோனாக்சைடையும் எரித்துக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாற்றும். எரிப்பு நடப்பதால் அந்த இடம் சூடாவது இயற்கை. சைலன்சர் சூடாவதும் இன்ஜின் சூடாவதும் ஒன்றல்ல என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் பட்டறைகளில் இவ்விரண்டையும் குழப்பியே பாதி சல்லடைகள் வெட்டப்படுகின்றன.

மெக்கானிக் அடைக்கச் சொன்ன காற்றுக் குழாய் இரண்டாம் நிலைக் காற்று அமைப்பைச் சேர்ந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து கொஞ்சம் சுத்தமான காற்றை எடுத்து, எக்ஸாஸ்ட் வாயு வெளியேறும் வாயிலில் சேர்ப்பதுதான் அதன் வேலை. அந்தக் காற்று இன்ஜினுக்குள் போவதே இல்லை. ஆகவே அதை அடைத்தால் பிக்கப் கூடும் என்பதற்கு இயந்திர அடிப்படை ஏதும் கிடையாது. கார்புரேட்டர் வண்டியில் இந்தக் காற்றும் சல்லடையும் ஒன்றுக்கொன்று துணையானவை. சல்லடை எரிக்க வேண்டுமானால் ஆக்ஸிஜன் வேண்டும், அதைத் தருவது இந்தக் குழாய். குழாயை அடைத்துவிட்டுச் சல்லடையை மட்டும் வைத்திருப்பது, அடுப்பின் வாயை அடைத்துவிட்டு விறகு எரியவில்லை என்று குறை சொல்வதற்குச் சமம்.

மூன்றாவது கேனிஸ்டர். பெட்ரோல் டாங்கில் எழும் ஆவியைக் காற்றில் விடாமல் கரித்தூளில் பிடித்துவைத்து, வண்டி ஓடும்போது இன்ஜினுக்கே கொடுக்கும் சின்ன டப்பா அது. அதைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் நாமே. பங்க்கில் குழாய் ஒருமுறை டக்கென்று நின்ற பிறகும் வாய்வரை ஊற்றச் சொல்கிறோம். வெயிலில் நிறுத்தியதும் பெட்ரோல் விரிந்து கேனிஸ்டருக்குள் இறங்கிக் கரித்தூளை ஊறவைத்துவிடுகிறது. பிறகு ஸ்டார்ட்டிங் சிரமம், பெட்ரோல் வாடை என்று அந்த டப்பாவையே கழற்றி எறிகிறோம். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் இவற்றோடு ஆக்ஸிஜன் சென்சாரும் சேர்ந்துகொள்கிறது. வெளியேறும் வாயுவில் மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனை முகர்ந்து பார்த்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவைச் சுற்றியே கலவை நிற்கும்படி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினியான இசியுவுக்குத் தகவல் சொல்வது அதுவே.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டால்

எடுப்பவர்கள் சொல்லும் நியாயத்தை முழுவதும் பொய் என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. சல்லடை எக்ஸாஸ்ட் வாயுவின் ஓட்டத்துக்கு ஓரளவு தடைதான். பெரிய சிசி வண்டியில் முழு எக்ஸாஸ்ட்டையும் மாற்றி, இசியுவின் கணக்கையும் அதற்கேற்ப மாற்றி எழுதினால், மேல் வேகத்தில் உண்மையான பலன் கிடைக்கும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் மட்டும் ஓடுகிற, சாலைக்கு வராத வண்டிக்கு அது பொருத்தமான வேலையாகவும் இருக்கலாம். ஆனால் 150 சிசி கார்புரேட்டர் வண்டியை வைத்துக்கொண்டு வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் இடையில் ஐம்பதிலும் அறுபதிலும் போகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சத்தம் மட்டுமே. சத்தம் கூடினால் வேகமும் கூடிவிட்டதாகக் காது நம்பிவிடுகிறது. ஸ்பீடோமீட்டர் அப்படி நம்புவதில்லை.

கார்புரேட்டர் வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. நான்காம் நிலை விதிக்காகக் கம்பெனி ஏற்கெனவே பெட்ரோல் வரும் துளைகளான ஜெட்டுகளைச் சிறிதாக்கி, பெட்ரோல் குறைந்த கலவையாகத்தான் வண்டியை அனுப்பியிருக்கும். தடையை எடுத்ததும் வாயு எளிதில் வெளியேற, உள்ளே வரும் காற்றும் கூடி, கலவை இன்னும் மெலிகிறது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலந்திருக்கிறது. எத்தனால் தன்னோடு ஆக்ஸிஜனைக் கொண்டுவருவதால் அதுவும் தன் பங்குக்குக் கலவையை மெலியவைக்கிறது. மெலிந்த கலவை சூடாக எரியும். ஆக, சூடு குறைவதற்காகச் சல்லடையை எடுத்தவருக்குச் சைலன்சர் கொஞ்சம் குளிர்ந்து, இன்ஜின் தலைப்பகுதி கூடுதலாகச் சூடாகும். அதைச் சரிசெய்யப் பெரிய ஜெட் போட்டால், எதற்காக இந்த வேலையில் இறங்கினோமோ அந்த மைலேஜ் போய்விடும். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர வழியில்லை.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் நிலைமை இன்னும் மோசம். சென்சாரைக் கழற்றினால் இசியு கண்ணை மூடிக்கொண்டு, பாதுகாப்புக்காகக் கூடுதலாகவே பெட்ரோலை ஊற்றும். 2020-க்குப் பிந்தைய வண்டிகளில் அந்த மின்சுற்று அறுந்தாலே மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. விளக்கை ஏமாற்றவும் பெட்டி விற்கிறார்கள், உண்மைதான். ஆனால் நாளை வேறொரு கோளாறு வந்தால் விளக்கு சொல்வது எது, ஏமாற்றுப் பெட்டி சொல்வது எது என்று எந்த சர்வீஸ் சென்டரிலும் பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

சட்டத்தைப் பொறுத்தவரை இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்துத் தந்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. காற்று மாசு, ஒலி மாசு அளவுகளை மீறி வண்டி ஓட்டினால் 190(2) பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும், அதோடு ஓட்டுநர் உரிமத்துக்கு மூன்று மாதத் தடையும் வரலாம். சல்லடை, காற்றுக் குழாய், கேனிஸ்டர் என்று எண்ணிப் பார்த்தால் ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொல்லின் கனம் தெரியும். வெட்டிக் கொடுத்த பட்டறைக்காரர் அந்த நேரத்தில் நம் பக்கத்தில் நிற்கமாட்டார். ஆர்சி புத்தகத்தில் இருப்பது நம் பெயர்.

இங்கே பலர் ஒரு பதில் வைத்திருப்பார்கள்: “எடுத்த பிறகும் புகைச் சான்று கிடைத்ததே!” கிடைத்திருக்கும், மறுக்கவில்லை. 2000-க்குப் பிறகு வந்த, ஆறாம் நிலைக்கு முந்தைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு, முறுக்காமல் நிறுத்தி ஓடவிடும் ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3.5 விழுக்காடு வரையும், எரியாத பெட்ரோல் ஆவியான ஹைட்ரோகார்பன் 4,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4,500 பங்கு) வரையும் அனுமதி உண்டு. டியூனிங் சரியாக இருக்கும் இன்ஜின் சல்லடை இல்லாமலும் அதற்குள் வந்துவிடும். புகைச் சோதனை இன்ஜினின் ஐட்லிங்கை மட்டும் பார்க்கிறது. வண்டியில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்பதில்லை. ஆறாம் நிலை வண்டிக்கு வரம்பு 0.5 விழுக்காடும் 500 பிபிஎம்மும். அங்கே சல்லடையை எடுத்தவர் ஆண்டுக்கொருமுறை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சோதனைக் கூடத்துக்குள் போக வேண்டும்.

ராணிப்பேட்டையில் வேலை பார்க்கிறவன் என்பதால் இன்னொரு வாதத்தையும் அடிக்கடி கேட்கிறேன். தோல் தொழிற்சாலைகளும் குரோமியக் கழிவு மலையும் இருக்கும் ஊரில் ஒரு பைக்கின் புகை என்ன செய்துவிடும் என்பார்கள். பாலாற்றுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்கள் பேசுகிற பேச்சு அது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் தொழிற்சாலையின் கழிவு போகும் பாதை வேறு, என் சைலன்சரின் புகை போகும் பாதை வேறு. என் புகை போவது கிரீன் சர்க்கிள் சிக்னலில் எனக்குப் பின்னால் நிற்கும் வண்டியின் டாங்க் மேல் உட்காரவைக்கப்பட்ட குழந்தையின் மூக்குக்கு. ஆறாம் நிலை விதி ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிராம் கார்பன் மோனாக்சைடும் 0.06 கிராம் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மட்டுமே அனுமதிக்கிறது. அந்த அளவைச் சல்லடை இல்லாமல் எட்டுவது நடக்காத காரியம்.

சைலன்சரை மட்டும் மாற்றுதல்

இது முதல் வழியின் தம்பி. பஜாரில் கிடைக்கும் சைலன்சர்களில் பெரும்பாலானவற்றில் சல்லடை கிடையாது. ஆகவே சைலன்சருக்குள் சல்லடை இருக்கும் வண்டியில் இதைப் போடுவதும் அதை எடுப்பதும் ஒன்றே, சத்தத்துக்கான வழக்கு மட்டும் கூடுதல். பெண்ட் பைப்பிலேயே சல்லடை இருக்கும் வண்டியில் வாயு ஓரளவு தூய்மையாகவே வெளியேறும் என்றாலும், ஒலி அளவு மீறினால் அதே 190(2) பிரிவுதான் வரும். இதில் ஒரேயொரு நல்ல அம்சம், பழைய சைலன்சரை வீட்டில் பத்திரமாக வைத்திருந்தால் மீண்டும் மாட்டிவிடலாம் என்பது. வெட்டி எடுத்த சல்லடையைத் திரும்ப வைக்க முடியாது.

இருப்பதை வைத்துக் கோளாறைத் தேடுதல்

நான் தேர்ந்த வழி இது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இரண்டாவது மெக்கானிக் தோட்டப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் வயதானவர். வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை. டாங்கைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, ஐட்லிங்கில் ஓடவிட்டு, சோப்புத் தண்ணீர் நனைத்த பிரஷ்ஷால் ஒவ்வொரு ரப்பர் குழாயாகத் தடவிக்கொண்டே வந்தார். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் பைப்பிலிருந்து காற்று வால்வுக்குப் போகும், சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு மெல்லிய குழாயைத் தொட்டதும் ஐட்லிங் சட்டென்று மாறியது. பிரஷ்ஷை எடுத்தார், பழையபடி தடுமாறியது. மறுபடி தொட்டார், மறுபடி சீரானது. குழாயைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்து வளைத்துக் காட்டினார். முனையில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. வளைத்தால்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

“இது இன்னா பண்ணும் தெரியுமா சார்?” என்று ஆரம்பித்து அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் இன்ஜினின் உறிஞ்சுவிசை அந்த மெல்லிய குழாய் வழியாக வால்வை இழுத்து மூடி, எக்ஸாஸ்ட்டுக்குப் போகும் கூடுதல் காற்றை நிறுத்த வேண்டும். குழாயில் வெடிப்பு இருந்தால் இழுவிசை போதாது, வால்வு மூடாது, எரியாத பெட்ரோல் ஆவியோடு காற்று சேர்ந்து சைலன்சருக்குள் வெடிக்கும். மேம்பாலத்து பட்பட் சத்தம் அதுதான். அதே வெடிப்பு வழியாகக் கணக்கில் வராத காற்று இன்ஜினுக்குள்ளும் புகுந்து கலவையை மெலியவைக்கும். இன்ஜின் சூடாகும், இழுவை குறையும், குறைந்த இழுவையை ஈடுகட்ட நாம் கூடுதலாக முறுக்குவோம், மைலேஜ் விழும். மூன்று குறைகளுக்கும் வேர் ஒன்றே. சல்லடை பாவம், நடுவில் மாட்டிக்கொண்ட சாட்சி.

குழாயின் விலை ஒரு பிளேட் பிரியாணியை விடக் குறைவு. அதோடு டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்து, ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் மாற்றி, சிலிண்டரின் துடுப்புகளுக்கிடையில் கெட்டிப்பட்டிருந்த மண்ணைச் சுரண்டி எடுத்தார். பின்பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடியதையும் அவரே கண்டுபிடித்தார். முந்தைய உரிமையாளர் அதோடு எத்தனை மாதம் ஓட்டினாரோ. ஒரு வாரம் கழித்து, அதே பங்க்கில், மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, குழாய் முதல் முறை நிற்கும் வரை மட்டும் நிரப்பிக்கொண்டு, ஆற்காடு வரை போய்வருவதையே நான்கு நாட்கள் செய்து, மீண்டும் அதேபோல் நிரப்பிக் கணக்கிட்டேன்: லிட்டருக்கு 48. புகைச் சான்றில் கார்பன் மோனாக்சைடு 1.2 என்று வந்தது. வலது கால் சூடு முழுவதும் போகவில்லை, குறைந்தது. மே மாதத்து வேலூரில் அதற்குமேல் எதிர்பார்ப்பது வண்டியின் மேல் சுமத்தும் அநியாயம்.

இந்த வழிக்கும் குறை உண்டு. நேரம் பிடிக்கும், தேடத் தெரிந்த மெக்கானிக் வேண்டும், தேடியும் கிடைக்காமல் போகலாம். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியானால் ஸ்கேனர் இல்லாத பட்டறையில் விட்டுப் பயனில்லை.

சல்லடை செத்தே போயிருந்தால்

அதுவும் நடப்பதுதான். பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரியும் வண்டியில், ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் சல்லடையின் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். பிளக் சரியாகப் பற்றாமல் பச்சைப் பெட்ரோல் உள்ளே போய்க்கொண்டிருந்தால், சல்லடை அளவுமீறிச் சூடாகி உருகி அடைத்துக்கொள்ளும். வண்டி ஆறியபின் கையால் தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம், எவ்வளவு முறுக்கினாலும் ஒரு வேகத்துக்கு மேல் ஏறாமல் திணறுவது ஆகியவை அதற்கான அடையாளங்கள். அப்போது கம்பெனி சைலன்சர் வாங்குவதே முறையான வழி. என் வண்டிக்குக் கவுண்டரில் விசாரித்தபோது ஆறாயிரத்துச் சொச்சம் சொன்னார்கள். ஆறாம் நிலை வண்டிகளுக்கு இதைவிட எகிறும். ஆனால் சல்லடையைக் கொன்ற காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். ரிங் வேலையும் சைலன்சரும் சேர்ந்து வண்டியின் சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், ஐந்தாவது வழியைப் பற்றி யோசிப்பது தவறில்லை. அப்படி விற்கும்போது வாங்குபவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டும். இதற்குமேல் அந்த வழியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஏதுமில்லை.

வாங்கும்போதே வெட்டப்பட்டிருந்தால்

பழைய வண்டி வாங்குவோருக்கு உண்மையான சோதனை இதுதான். முந்தையவர் எடுத்துவிட்டார், நமக்குத் தெரியாது, ஆனால் நம் பெயருக்கு ஆர்சி மாறிய நாளிலிருந்து பொறுப்பு நம்முடையது. சைலன்சரின் அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பெனி வெல்டிங் மெஷின் போட்ட கோடு போல ஒரே சீராக இருக்கும்; பட்டறை வெல்டிங் புழுப்போல மேடுபள்ளமாக இருக்கும், மேலே கறுப்புப் பெயின்ட்டும் அடித்திருப்பார்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் புகையில் பச்சைப் பெட்ரோல் வாடை வந்து கண் எரிந்தால் சந்தேகம் உறுதி. டாங்க்குக்குக் கீழே முனை அடைக்கப்பட்ட ரப்பர் குழாய், அதில் திருகப்பட்ட ஒரு போல்ட், கேனிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கிளாம்ப் ஆகியவற்றையும் தேடிப் பாருங்கள். அப்படிப்பட்ட வண்டியை நான் கார்புரேட்டர் மாடல் என்றால், கம்பெனிப் பாகங்களின் விலையைக் கவுண்டரில் கேட்டு, அந்தத் தொகையை அப்படியே விலையில் குறைத்தால் மட்டும் வாங்குவேன். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் மாடலில் இசியுவின் கணக்கையும் மாற்றியிருந்தால் எந்த விலைக்கும் வாங்கமாட்டேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரியாத வண்டியைச் சரிசெய்யும் செலவுக்கு வரம்பு கிடையாது.

இங்கே கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் சென்ற மாதம் அப்படி ஒரு 2021 மாடல் வண்டியின் மேல் ஆசைப்பட்டு என்னை அழைத்துப்போனான். சத்தம் கம்பீரமாகத்தான் இருந்தது. கீழே படுத்து டார்ச் அடித்தேன். புழு வெல்டிங், அதன் மேல் இன்னும் முழுதாகக் காயாத பெயின்ட் என் விரலில் ஒட்டியது. எழுந்து விரலைக் காட்டினேன். கன்சல்டிங்காரர் உடனே எட்டாயிரம் குறைத்தார், அவன் என் முகத்தைப் பார்த்தான். “இன்னும் கேட்டா இன்னும் குறைப்பாரு மாமா” என்றான். குறைப்பார்தான், அதுதான் எனக்குப் பயம் என்றேன். இப்போது ராணிப்பேட்டைப் பக்கம் டிஎன் 73 வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய்விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.